எலிக்கு ஏது ஞாயிறு

தேயிலைக் கொழுந்து லோரியில் வெள்ளெலிகளை ஏற்றிக்கொண்டு வந்த அன்றைக்கே டிரைவர் அர்ஜுனன் தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். பேக்டரி வாசலில் சொன்னான், கோயிலடியில் சொன்னான், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கெழுதும் கிராணி கேட்காமலேயே சொன்னான். தமிழ் தெரியாத பங்களாதேஷ் பையன்களை நிறுத்தி வைத்து மலாயில் சொன்னான். மகள் ரூபினி யுனிவர்சிட்டியில் மாஸ்டர் படிக்கிறாள், அவளுடைய ஆராய்ச்சி இனிமேல் நம் தோட்டத்தில்தான் நடக்கப் போகிறது, இவை சாதாரண எலிகள் இல்லை, பிறந்த தேதி முதற்கொண்டு எழுதி வைத்த எலிகள்.

"நம்ம பொறந்த தேதியே ஒழுங்கா எழுதி வைக்கல. எலிக்கு எழுதி வெச்சிருக்கானுங்களா?" என்றான் செல்லையா. அவன் லோரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அர்ஜுனன் எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் அவன்தான்.

"படிச்சவங்க விசயம் லா. ஒனக்கு வெளங்காது."

"ஒங்களுக்கு வெளங்கிருச்சா?"

"எனக்கு மவ சொல்லியிருக்கு" என்றான் அர்ஜுனன்.

ரிங்லெட் ஊரைத் தாண்டி ஏரிக்கரையை விட்டு மேலே ஏறினால் அந்தத் தோட்டம். கீழே யுனிவர்சிட்டி எலிக்கூடத்தில் இடம் நெருக்கடி. ரூபினியின் பேராசிரியை டாக்டர் ஷஃபிகா, பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலீமின் மகள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். மலைக் குளிரில் ஏர்கோன் இல்லாமலே எலிகள் சுகமாக இருக்கும் என்று யோசனை சொன்னவர் அவர்தான். மேனேஜரிடம் கேட்டார்கள். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஆயாக்கொட்டகையை அவர் திறந்துவிட்டார். அம்மாக்கள் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இப்போது பிள்ளைகளே இல்லை என்பதால் எலிகளுக்குக் கிடைத்தது. அர்ஜுனனின் மனைவி ருக்குமணியும் ரூபினியும் பிளீச் ஊற்றிக் கழுவிக் கழுவி அதை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கினார்கள்.

ஒரு பக்கச் சுவர் ஓரமாகப் பெரிய பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மாடி, குழாய், ஒளிந்துகொள்ள மரவீடு எல்லாம் உண்டு. எதிர்ப் பக்கம் கதவை ஒட்டிச் சின்னப் பெட்டிகள். திரும்பிப் படுத்தால் வால் கம்பியில் இடிக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரு சக்கரம் உண்டு. எலி அதில் ஏறி ஓடினால் எத்தனை சுற்று ஓடியது என்று கம்ப்யூட்டருக்குப் போய்விடும். எல்லா எலிக்கும் ஒரே அளவு தீனி, சாயந்திரம் ஒரே ஒரு தடவை. தீனியும் நேரமும் ஒன்றாக இருக்கும்போது, பெட்டி சின்னதாகிப் போனால் எலி கூட ஓடுமா, குறைய ஓடுமா? அதுதான் ரூபினியின் கேள்வி. எலி ராத்திரியில் திரிகிற பிராணி, பகலெல்லாம் தூங்கும். அதனால் காலையில் யாரும் கொட்டகைக்குள் போகவே கூடாது என்று அவள் லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

சொன்னது எல்லாருக்கும் விளங்கியது. அவளுடைய அப்பாவுக்கு மட்டும் வேறு மாதிரி விளங்கியது.

மேல் மலையிலிருந்து முதல் நடைக் கொழுந்தோடு லோரி இறங்கும்போது, ஆயாக்கொட்டகை வளைவில் கொஞ்சம் சமதரை வரும், பைப்பும் இருக்கும். அங்கே நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, அப்படியே பத்து மணித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது அர்ஜுனனின் பல வருஷப் பழக்கம். பெட்டிகளை ஏற்றி வந்த அன்று கொடுத்த சாவி ஒன்று லோரிச் சாவிக் கொத்திலேயே தங்கிவிட்டது. மகளின் சொத்தை ஒரு கண் பார்த்துவிட்டு வரலாமே என்று கையில் ரொட்டியோடு உள்ளே போனான். பெரிய பெட்டிக்காரர்கள் எல்லாம் மரவீட்டுக்குள் தூங்கிக் கிடந்தார்கள். சின்னப் பெட்டியில் ஒளிய இடம் ஏது? ரொட்டி வாசனைக்கு ஒரு எலி எழுந்து, முன்னங்கால் இரண்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை ஆட்டி ஆட்டி அவனைப் பார்த்தது.

அந்த மலையில் வேலை செய்கிறவர்கள் யாரும் தனியாகத் தின்ன மாட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் முதல் துண்டு பக்கத்தில் இருக்கிறவனுக்கு. அவன் வேண்டாம் என்றால் நாய்க்கு. ஒரு உயிர் பார்த்துக்கொண்டிருக்க, வாயில் வைத்தால் இறங்காது. அர்ஜுனன் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் துண்டு துண்டாகப் பிய்த்து, சின்னப் பெட்டிக்காரர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று கொடுத்தான்.

"அண்ணே, யாரும் உள்ள போகக் கூடாதுன்னு பாப்பா சொல்லியிருக்குல்ல?" என்று செல்லையா வாசலில் நின்று கேட்டான்.

"யாரும்னா வெளியாளு லா. நான் அப்பன்."

"பெரிய பொட்டிக்குக் குடுக்கல?"

"அவனுங்களுக்கென்ன, மாடி வீடு இருக்கு. இதுங்கதான் பாவம், நம்ம லயத்து ஆளுங்க மாதிரி சுருண்டு கெடக்குதுங்க."

மறுநாளும் கொடுத்தான். அப்புறம் அது பழகிவிட்டது. மழையானாலும் மூடுபனியானாலும் அந்த நேரத்துக்கு லோரி அந்த வளைவில் நின்றது. வீட்டில் ரொட்டி சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று ருக்குமணி இரண்டு தடவை கேட்டாள். "செல்லையாவுக்குப் பசி அதிகம்" என்று சொல்லி வைத்தான்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம். ஏரிப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு ஏறி வந்தது. ருக்குமணி சௌசௌக் கொழுந்தை நெத்திலி போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தாள். மழைக்கோட்டுக்குள் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரூபினி ஓடி வந்தாள். செருப்பைக்கூட வெளியே கழற்றவில்லை.

"ம்மா, அடுப்ப அணைங்க. ப்பா, இங்க வாங்க. ரெண்டு பேரும் பாருங்க."

"நனைஞ்ச தலைய மொதல்ல தொடை" என்றாள் ருக்குமணி.

"தல கெடக்கட்டும்மா. இது பெரிய பொட்டி எலிங்க. ராத்திரி பூரா ஓடுது, விடிஞ்சா படுத்துடுது. கோடு கீழ கெடக்கு பாருங்க, பகல்ல ஒன்னுமே இல்ல. இப்ப இது சின்னப் பொட்டி."

திரையில் கோடு தட்டையாகப் போய், நடுவில் திடுமென ஏறி, உச்சிக்குப் போய், செங்குத்தாக விழுந்தது.

"மல மாதிரி இருக்கு" என்றாள் ருக்குமணி.

"மலயேதான்மா. தூங்க வேண்டிய நேரத்துல எந்திரிச்சு ஓடுது. ஒன்னு ரெண்டு இல்ல, சின்னப் பொட்டி எலி அத்தனையும். பெரிய பொட்டில ஒன்னுகூட இல்ல. எடம் பத்தலன்னா இதுங்களோட நாளே மாறிப்போவுது. இத இப்பிடி யாரும் காட்டினதில்லம்மா, நான் தேடித் தேடிப் பார்த்துட்டேன். டாக்டருக்கு அனுப்பினேன். அவங்க அப்பா வீட்டுக்கு வந்திருக்காங்களாம், நாளைக்குக் காலைல நேர்லயே வராங்க. இது உறுதியாச்சுன்னா ரெண்டு வாரத்துல கோலாலம்பூர்ல நடக்குற பெரிய கூட்டத்துல நான்தான் பேசுவேன், பேரு குடுத்தாச்சு. அப்புறம் பிஎச்டிக்கு எடம் தானா வரும்."

சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வந்து நின்றபோது இருந்த முகம் இப்போதும் அவளுக்கு இருந்தது. அர்ஜுனனுக்கு நெஞ்சு நிறைந்தது. நாளைக்குக் காலையில் யார் யாரிடம் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் வரிசை போட ஆரம்பித்துவிட்டான்.

"எத்தன மணிக்கும்மா இந்த உச்சி?" என்று கேட்டான். பேச்சை வளர்க்க வேண்டும் என்றுதான் கேட்டான்.

"பத்து மணிக்குப்பா. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்குது, பத்துக்கு உச்சி, அப்புறம் டக்குனு நின்னுடுது. ஒன்னே ஒன்னுதான் புரியல. ஞாயித்துக்கெழம மட்டும் நிக்க மாட்டேங்குது. பத்தத் தாண்டியும் ஓடுது, ஓடுது, மத்தியானம் வரைக்கும் ஓடுது. அப்புறமா களைச்சுப் போயி படுக்குது."

ஞாயிற்றுக்கிழமை லோரி ஓடாது.

அர்ஜுனன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தகரத்தில் மழை கொட்டியது. மகள் கண்டுபிடித்த மலை அவன் கொடுத்த ரொட்டி. பெட்டியும் இல்லை, இட நெருக்கடியும் இல்லை. அவன் வரப்போகிறான் என்று ஓடுகின்றன, வந்ததும் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவன் லயத்தில் கால் நீட்டிப் படுத்திருக்க, அவை மத்தியானம் வரை அவனுக்காகக் காத்திருக்கின்றன.

"என்னப்பா, ஒன்னும் சொல்லல?"

"நல்லாருக்கும்மா" என்றான். "ரொம்ப நல்லாருக்கு."

சொல்லிவிட வேண்டும் என்று சாப்பிடும்போது ஒரு தடவை வாயைத் திறந்தான். ரூபினி அம்மாவுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே, கோலாலம்பூருக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திறந்த வாயில் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டான். யாருக்குத் தெரியப் போகிறது, செல்லையாவிடம் வாயை மூடு என்றால் மூடிக்கொள்வான், நாமே இனிமேல் நிறுத்திவிடலாம் என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. படித்தவர்கள் கூட்டத்தில் என் பிள்ளை நின்று பொய்யைப் பேசுவாளே என்று இன்னொரு பக்கம் குத்தியது. அவளுக்குத் தெரியாத பொய், ஆனாலும் பொய்.

ஞாயிறு காலை பனி லயத்து வாசல் வரை வந்து படுத்திருந்தது. டாக்டர் ஷஃபிகா காடியை ஓட்டிக்கொண்டு, அப்பா கடை ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் பொட்டலத்தில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "வாப்பா குடுத்து விட்டாங்க அக்கா, வாங்கிக்குங்க" என்று ருக்குமணியிடம் நீட்டினார். ஆனால் சாப்பிட உட்காரவில்லை. அவரும் பரபரப்பாகத்தான் இருந்தார். "மொதல்ல எலியப் பார்ப்போம். பத்து மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?" என்றார்.

நான்கு பேரும் கொட்டகைக்குள் போய்ச் சுவரோரமாகச் சத்தம் காட்டாமல் நின்றார்கள். அர்ஜுனன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றான். ஜாக்கெட் பையில் நேற்றைய மிச்ச ரொட்டி இருப்பது கை பட்டதும்தான் தெரிந்தது.

முதலில் ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. அப்புறம் இரண்டாவது. ரூபினி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றைப் பார்த்து ஒன்று என்று சின்னப் பெட்டிகளில் எல்லாச் சக்கரங்களும் சுற்றத் தொடங்கின. பெரிய பெட்டிப் பக்கம் ஒரு அசைவும் இல்லை. பார்க்கவே உடம்பு சிலிர்த்தது. ருக்குமணி வாயில் கை வைத்துக்கொண்டாள். "பார்த்தீங்களா டாக்டர், பார்த்தீங்களா" என்று ரூபினி கிசுகிசுத்தாள்.

பத்தானது. பத்தைத் தாண்டியது. சக்கரங்கள் நிற்கவில்லை. இறங்கி வந்து கம்பியைக் கடித்துவிட்டு, மறுபடி ஏறி ஓடின.

"ரூபினி, ரெண்டு விசயம் எனக்கு ஒட்டல" என்றார் டாக்டர், கண்ணை எலிகளிடமிருந்து எடுக்காமல். "எல்லாருக்கும் ஒரே அளவு தீனி. இவங்க கூட ஓடுறாங்க. அப்ப எளைச்சுல்ல போகணும்? எடை போட்டுப் பார்த்தா இவங்கதான் கனமா இருக்காங்க."

"அது எனக்கும் யோசனதான் டாக்டர்."

"இன்னொன்னு, இந்த ஞாயித்துக்கெழம. எலிக்கு ஏது ஞாயித்துக்கெழம? அது மனுசனுக்குத்தானே." அவர் மெதுவாகத் திரும்பினார். "அக்கா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. சுத்தம் பண்றது நீங்கதானே. வேல நாள்ல காலைல நீங்க உள்ள வருவீங்களா?"

"இல்லம்மா, மத்தியானத்துக்கு மேலதான். சாமி சத்தியமா" என்றாள் ருக்குமணி. அவள் முகம் சுருங்கிவிட்டது. ரூபினி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த சந்தேகத்தை அர்ஜுனனால் தாங்க முடியவில்லை. கம்பிக்குள் அவை ஓடுவதையும் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முன்னால் போனான். பையிலிருந்து ரொட்டியை எடுத்தான். முதல் பெட்டிக்குப் பக்கத்தில் போவதற்குள்ளேயே அந்த எலி சக்கரத்தை விட்டிறங்கி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டது. ஒரு துண்டைக் கொடுத்தான். சக்கரம் நின்றது. அடுத்த பெட்டிக்குப் போனான். அதுவும் நின்றது. ஒவ்வொன்றாக எல்லாச் சக்கரங்களும் நின்று, கடைசியில் எலிகள் ரொட்டியைக் கொறிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா" என்றாள் ரூபினி.

"பத்து மணித் தேத்தண்ணிக்கு இங்கதானேம்மா நிறுத்துவேன். பார்த்துக்கிட்டே இருக்குதுங்க, எனக்கு எறங்கல. அதான் ஒரு துண்டு."

"ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

"நேத்து நீ காட்டுற வரைக்கும் எனக்கே தெரியாதும்மா, அந்த மல நான்தான்னு."

ரூபினி லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்விட்டாள். தேயிலைப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. டாக்டர் ஷஃபிகா எதையோ சொல்ல வந்து, அர்ஜுனன் கையிலிருந்த மிச்ச ரொட்டியைப் பார்த்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒங்களத் திட்டணும்னுதான் பார்க்குறேன்" என்றார். "இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா இந்தப் புள்ள இத மேடையில பேசியிருக்கும். எவனாச்சும் ஒருத்தன் எந்திரிச்சு எடையப் பத்திக் கேட்டிருப்பான். அதோட எங்க ரெண்டு பேர் பேரும் போயிருக்கும்."

ரூபினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்தாள். "கூட்டத்துக்குக் குடுத்த பேர எடுத்துடலாம் டாக்டர். நான் மொதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்."

"யுனிவர்சிட்டிக்கு நாள் கேட்டு எழுதுறேன். ஒரு தடவதான் குடுப்பாங்க, தெரியும்ல? திரும்பக் கெட்டுதுன்னா ஒனக்கு மாஸ்டர் இல்ல." அவர் அர்ஜுனனைப் பார்த்தார். "மொதல்ல இதுங்க ஒங்கள மறக்கணும். அதுக்கப்புறம்தான் எதையும் எண்ண முடியும். லோரி தெனமும் வர்ற நேரத்துக்கே வரட்டும். ஆனா நிக்கக் கூடாது. சத்தம் வரும், ரொட்டி வராது. அது அவங்க மண்டையில ஏறணும்."

அர்ஜுனன் சாவிக் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி மகளிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், அவனைப் பார்க்கவில்லை. அன்று ரொட்டி சானாயை ருக்குமணிதான் எல்லாருக்கும் பிய்த்துப் போட்டாள். அர்ஜுனனுக்கு மட்டும் போடவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். என்மேலே சந்தேகம் வரும்வரை வாயைத் திறக்காமல் நின்றாயே என்ற கோபம் அவளுக்கு ரொம்ப நாள் இருந்தது.

திங்கட்கிழமை லோரி அந்த வளைவில் நிற்காமல் போனது. உள்ளே சக்கரங்கள் சுற்றுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க முடியாது, இன்ஜின் அப்படி இரையும். ஆனாலும் கேட்டதாகத்தான் செல்லையாவிடம் சொன்னான். தேத்தண்ணி பேக்டரி வாசலுக்கு மாறியது. அங்கே வைத்துக் குடித்தால் ருசியே இல்லை என்றான்.

முதல் வாரம் ரூபினி பேசவில்லை. இரண்டாவது சனிக்கிழமை தானாகவே லேப்டாப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். மலை பாதியாகியிருந்தது.

"எறங்குதா?" என்றான் ஆசையோடு.

"எறங்குதுப்பா. நீங்க நிக்கலைல்ல?"

"சத்தியமா நிக்கல."

அதற்கப்புறம் அந்த வீட்டில் சனிக்கிழமைதான் திருவிழா. ருக்குமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். செல்லையா பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். மலை குன்றானது, குன்று மேடானது. பந்தாட்டம் பார்க்கிறவர்கள் மாதிரி எல்லாரும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அர்ஜுனன்தான் எல்லாரையும்விட உரக்கப் பேசினான். தன்னை அவை மறக்க வேண்டும் என்று கோயிலில் கற்பூரம் கொளுத்தினான். கொளுத்திவிட்டுத் திரும்பி நடக்கும்போது என்னவோ போலிருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை கோடு தட்டையாகக் கிடந்தது. பெரிய பெட்டியின் கோட்டையும் சின்னப் பெட்டியின் கோட்டையும் ரூபினி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். பகலில் இரண்டும் ஒன்று. சாயந்திரம் தீனிக்கு முன்னால் இரண்டும் சேர்ந்தே ஏறின.

"போச்சுப்பா. சுத்தமாப் போச்சு" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "திங்கக்கெழமையிலேருந்து நெசமா எண்ண ஆரம்பிக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

செல்லையா கை தட்டினான். ருக்குமணி அன்றைக்குத்தான் வெகு நாளைக்கு அப்புறம் அர்ஜுனன் தட்டில் முதலில் சோறு போட்டாள்.

"அப்ப வீடு சின்னதா இருக்கிறதுல ஒன்னும் இல்லியாம்மா?" என்று கேட்டான் அர்ஜுனன்.

"அது இனிமேதான்பா தெரியும். ஆனா ஒன்னு இப்பவே தெரியுது. பொட்டி எவ்ளோ பெருசா இருந்தா என்ன, தீனி வர்ற நேரந்தான் அதுங்களுக்குப் பெருசு."

திங்கட்கிழமை காலை வெயில் நன்றாக அடித்தது. முதல் நடைக் கொழுந்தோடு லோரி மேல் மலையிலிருந்து இறங்கியது. இன்றைக்குத்தான் எண்ண ஆரம்பிக்கிறார்கள் என்று அர்ஜுனன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். ஆயாக்கொட்டகை வளைவு வந்தது. பேச்சு நின்றது. லோரி வேகம் குறைந்து, குறைந்து, பைப்புக்குப் பக்கத்தில் நின்றேவிட்டது.

செல்லையா அவன் முகத்தைப் பார்த்தான். அர்ஜுனன் இடது கை ஜாக்கெட் பைக்குள் போயிருந்தது. பையில் ஒன்றும் இல்லை.

"அதுங்க மறந்துருச்சுண்ணே" என்றான் செல்லையா, மெதுவாக. "பிரேக்லேருந்து கால எடுங்க."

அர்ஜுனன் காலை எடுத்தான்.